வெள்ளிப் பூண் கட்டிய மண் ஜக்கைப் படிப்பது எப்படி? மாலிங் ஜக்கை முன்வைத்து ஒரு முழு வழிகாட்டி

உலக்கைக்குப் பூண் கட்டுவோம், ருத்திராட்சத்துக்கு வெள்ளியில் பூண் கட்டிக் கழுத்தில் போடுவோம். 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பீர் குடிக்கிற மண் ஜக்குக்குப் பூண் கட்டினார்கள். கழுத்தைச் சுற்றி ஒரு வெள்ளிப் பட்டை, வாய்க்குக் கீல் வைத்த மூடி, அந்த மூடியைத் தூக்கக் கட்டைவிரலுக்கு ஒரு சின்ன நெம்பு, அடியில் ஒரு வளையம், பெரும்பாலும் இத்தனைக்கும் மேல் தங்க முலாம். எத்தியேன் பெர்லேன் என்ற பிரெஞ்சுக்காரர் 1558இல் எழுதினார்: இங்கிலீஷ்காரர்கள் பீரைக் கண்ணாடியில் குடிப்பதில்லை, கைப்பிடியும் மூடியும் வெள்ளியில் செய்த மண் பாத்திரத்தில் குடிக்கிறார்கள், நடுத்தர வசதிக்காரர் வீட்டிலும் இப்படித்தான்.

இந்த வகையில் பெயர் பெற்றது மாலிங் ஜக். கென்ட் பகுதியில் வெஸ்ட் மாலிங் என்ற ஊர்த் தேவாலயத்தில் இருந்த ஒரு ஜக்கினால் வந்த பெயர் அது. அதன் வெள்ளியில் 1581ஆம் ஆண்டு முத்திரை. 1903இல் லண்டனில் ஏலத்துக்கு வந்தபோது 1,450 கினிக்குப் போனது, அன்றைய கணக்கில் 1,500 பவுண்டுக்கும் மேல். உருண்டை வயிறும் குட்டைக் கழுத்துமான ஒரு மண் சாமானுக்கு!

இதைப் பற்றிப் படிக்க ஆரம்பிக்கும் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று இருக்கிறது, நானும் செய்தேன். முத்திரை 1581ஐக் குறிக்கிறது என்று கண்டதும் "1581ஆம் ஆண்டு ஜக்" என்று எழுதிவிடுவோம். அது வெள்ளியின் வயது மட்டும்தான். மண் வேறு ஊரில், வேறு ஆள் கையில், வேறு ஆண்டில் சூளைக்குப் போனது. அதனால் மண்ணைத் தனியாகப் படிக்க வேண்டும், வெள்ளியைத் தனியாகப் படிக்க வேண்டும், அப்புறம் இரண்டும் சேருகிற இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஜோடி சேர்க்க வேண்டும். கீழே உள்ளதெல்லாம் அந்த வரிசைதான்.

முதலில் ஆயத்தம்

நகைக்கடையில் கண்ணில் செருகிப் பார்க்கும் 10 மடங்கு லென்ஸ் ஒன்று, சாதாரண டார்ச் ஒன்று, ரூபாய் நோட்டைச் சோதிக்கும் புற ஊதா டார்ச் ஒன்று. மேசைமேல் தடிமனான துண்டை நாலாக மடித்துப் போடுங்கள். மோதிரம், கைக்கடிகாரம், தொங்குகிற சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். பருத்தி உறை போட்டுக்கொண்டு பளபளப்பான மண் பாத்திரத்தைத் தூக்காதீர்கள், வழுக்கும். மெல்லிய நைட்ரைல் உறைதான் சரி, வெறுங்கை பட்ட இடத்தில் வெள்ளி பிறகு கறுக்கும்.

தூக்கும்போது கைப்பிடியைத் தொடவே கூடாது. பார்த்தால் கைப்பிடிதான் தூக்கச் சொல்லும், ஆனால் 400 வருஷத்துக்கு முன் வயிற்றில் ஒட்டிய மண் அது, மேலே கீலும் மூடியும் ஏறி உட்கார்ந்திருக்கிறது, ஏற்கெனவே ஒரு முறை உடைந்து ஒட்டப்பட்டதாகவும் இருக்கலாம். ஒரு கை அடியில், ஒரு கை வயிற்றில். மூடியை முதலில் மூடிவிட்டுத் தூக்குங்கள், அது தானாக விழுந்தால் விளிம்பில்தான் மோதும்.

படி 1: மண்ணைப் படியுங்கள்

மாலிங் ஜக் வெள்ளீயப் பூச்சு போட்ட மண் சாமான். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதை நினைத்துக்கொண்டு "வெள்ளீயப் பூச்சு" என்ற சொல்லைப் படித்தால் குழம்பிவிடும். அங்கே உருகிய உலோகம் அப்படியே தடவப்படுகிறது. இங்கே உலோகம் கண்ணுக்கே தெரியாது. காரீயத்தையும் வெள்ளீயத்தையும் சேர்த்துச் சூட்டில் சாம்பலாக்கி, மணலும் காரமும் கலந்து உருக்கி, அரைத்து, தண்ணீரில் கரைத்த குழம்பு இது. காரீயம் மட்டும் இருந்தால் கண்ணாடி போலத் தெளிவான பூச்சு கிடைக்கும், அடியில் உள்ள மண் நிறம் தெரியும். வெள்ளீய ஆக்சைடு சேர்ந்தால் அதன் நுண்துகள்கள் கண்ணாடிக்குள் கரையாமல் நின்று ஒளியைச் சிதறடிக்கும், பூச்சு பால்போல வெளுத்து மண்ணை மறைத்துவிடும். சீனப் பீங்கானைச் செய்யத் தெரியாத ஊர்களில் பீங்கானின் வெண்மையைத் தந்த வித்தை இதுதான்.

ஜக்கை ஒரு முறை சுட்டெடுத்து, இந்தக் குழம்பில் முக்கினால் மண் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு மாவுபோல ஒரு படலம் நிற்கும். அதன்மேல் நிறம், பிறகு மறுபடி சூளை, கிட்டத்தட்ட 1,000 டிகிரி. கோபால்ட் நீலம், மாங்கனீஸ் ஊதா, செம்புப் பச்சை, ஆன்டிமனி மஞ்சள், இரும்புச் சத்தில் பழுப்பும் ஆரஞ்சும். அந்தச் சூட்டுக்கு இவ்வளவுதான் தாங்கும். இத்தாலிய ஓவியத் தட்டுகளில் இதே நிறங்களைத் தூரிகையால் தீட்டி முகம், மரம், கோட்டை என்று வரைந்தார்கள். மாலிங் ஜக்கில் படம் இருக்காது. நிறத்தைத் தெளித்தும் சிதறவிட்டும் புள்ளிபுள்ளியாக, சில இடங்களில் திட்டாக ஓடவிட்டிருப்பார்கள்.

ஏன் புள்ளி? ஜெர்மனியில் கொலோன் பக்கம், முக்கியமாக ஃப்ரெஷன் ஊரில், உப்பை எறிந்து மெருகேற்றிய கல்மண் ஜக்குகள் செய்தார்கள், மேலே பழுப்புப் புள்ளி விழுந்து சிறுத்தைத் தோல்போல இருக்கும். இங்கிலீஷில் அதற்குப் பெயர் என்னவோ டைகர்வேர். அது கப்பல் கப்பலாக லண்டனில் இறங்கியது, அதற்கும் வெள்ளிப் பூண் கட்டினார்கள். அந்தப் பாணியை வண்ணத்தில் செய்ததுதான் மாலிங் ஜக்.

அதனால் நீங்கள் முதலில் பிரிக்க வேண்டியது இந்த இரண்டையும்தான். ஊறுகாய் ஜாடியை நினைத்துக்கொள்ளுங்கள்: கல்போன்ற கெட்டி உடம்பு, மூக்கு உடைந்தால் உள்ளேயும் இறுகிய சாம்பலோ பழுப்போ தெரியும், தண்ணீர் உறிஞ்சாது. கல்மண் ஜக் அந்த இனம், 1,200 டிகிரிக்கு மேல் சுட்டது. வெள்ளீயப் பூச்சு ஜக்கோ பூந்தொட்டி இனம். விளிம்பிலோ அடியிலோ எங்காவது சில்லு பெயர்ந்திருக்கும், அங்கே லென்ஸை வையுங்கள். இளமஞ்சள் நிறத்தில், மாவுபோன்ற, துளைகள் நிறைந்த மண். அதன்மேல் தனி அடுக்காக உட்கார்ந்திருக்கும் வெள்ளைப் படலம். வெள்ளைக்கும் மண்ணுக்கும் நடுவே கத்தியால் வெட்டினதுபோல ஒரு கோடு தெரிந்தால் சந்தேகம் வேண்டாம். பூச்சு முழுக்க ஊசித்துளைகள், ஆங்காங்கே பூச்சு சுருங்கி ஒதுங்கிய இடங்கள், இவையும் நல்ல அடையாளம்.

இன்னொரு குழப்பம் துருக்கியின் இஸ்னிக் ஜக். அதுவும் வெள்ளையாக இருக்கும், அதற்கும் முதலாம் எலிசபெத் ராணி காலத்து இங்கிலாந்தில் வெள்ளிப் பூண் கட்டியிருக்கிறார்கள், பிரிட்டிஷ் மியூசியத்தில் பார்க்கலாம். ஆனால் அது வேறு சாமான். உடம்பே பெரும்பாலும் அரைத்த படிகக்கல்தான், அதன்மேல் வெள்ளைப் பூச்சு, எல்லாவற்றுக்கும் மேல் கண்ணாடி போன்ற தெளிந்த பூச்சு. நிறம் பூச்சுக்குக் கீழே ஆழத்தில் தெரியும். மாலிங் ஜக்கில் நிறம் வெள்ளைப் பூச்சோடு கரைந்து அதிலேயே கலந்திருக்கும்.

எங்கே செய்தார்கள் என்பதில்தான் சண்டை. இன்றைய பெல்ஜியத்திலுள்ள ஆன்ட்வெர்ப் நகரில் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இத்தாலியக் குயவர்கள் குடியேறிவிட்டார்கள், குயிடோ ஆண்ட்ரீஸ் குடும்பம் அதில் பெயர் பெற்றது. அங்கிருந்து யாஸ்பர் ஆண்ட்ரீஸும் யாகோப் யான்சனும் மத நெருக்கடியில் கிளம்பி 1567இல் இங்கிலாந்தின் நார்விச் வந்தார்கள், 1570இல் லண்டனில் தொழில் செய்ய ராணி எலிசபெத்திடம் மனு கொடுத்தார்கள். லண்டன் ஆல்ட்கேட்டில் சூளை வந்தது அதற்குப் பிறகு. இப்போது யோசியுங்கள்: சில மாலிங் ஜக்குகளின் வெள்ளி 1550ஐ ஒட்டிய காலத்தது. அந்த வெள்ளி அந்த மண்ணுக்கே செய்ததென்றால் ஜக் அதற்கு முன்பே இருந்திருக்க வேண்டும், லண்டன் சூளையோ இன்னும் பற்றவே இல்லை. ஆகவே முந்தியவையாவது கடல் கடந்து வந்தவை, ஆன்ட்வெர்ப்தான் முதல் சந்தேகம். வெள்ளி மண்ணுக்குச் சாட்சி சொல்லும் அழகான இடம் இது. ஆனால் "அந்த மண்ணுக்கே செய்ததென்றால்" என்ற நிபந்தனையைக் கவனித்தீர்களா? அதைத்தான் மூன்றாம் படியில் பிடித்து உலுக்கப் போகிறோம்.

படி 2: வெள்ளியைப் படியுங்கள்

ஹால்மார்க் என்றால் நமக்கு நகைக்கடையின் 916 ஞாபகம் வரும். அந்தச் சொல்லே லண்டன் பொற்கொல்லர் சங்கத்தின் மண்டபத்தில் கொண்டுபோய் அடித்த முத்திரை என்பதில் பிறந்தது. எலிசபெத் காலத்து லண்டன் வெள்ளியில் முழுதாக இருந்தால் நான்கு முத்திரைகள்: கிரீடம் வைத்த சிறுத்தை முகம், நடக்கும் சிங்கம், செய்தவரின் அடையாளம், ஆண்டு எழுத்து. சிங்கம் 1544இல் வந்தது. ஆண்டு எழுத்து 1478 முதல் இருக்கிறது.

தேடுகிற இடம் கழுத்துப் பட்டையின் மேல் விளிம்பு, மூடியின் விளிம்பு. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள், நேராக அடித்தால் தங்கமுலாம் கண்ணைக் கூசவைத்து முத்திரையை விழுங்கிவிடும். ஆண்டு எழுத்து ஒரு சுற்றுக்கு 20, A முதல் V வரை, நடுவில் J, U கிடையாது. ஒவ்வொரு சுற்றிலும் எழுத்தின் வடிவம் மாறும், கேடயத்தின் வடிவமும் மாறலாம், அதனால் எழுத்தை மட்டும் பார்த்தால் 20 வருஷம் தள்ளிப்போகும். 1578இல் தொடங்கிய சுற்று ரோமன் பெரிய எழுத்து, 1581க்கு D. எழுத்து ஜனவரியில் மாறாது, அன்று மே மாதம் புனித டன்ஸ்டன் திருநாளில் மாறியது. அதனால்தான் நல்ல பட்டியல்களில் 1581-82 என்று போடுவார்கள்.

முத்திரையே இல்லாத பூண்களும், செய்தவர் குறி மட்டும் உள்ளவையும் நிறைய. அப்போது வேலைப்பாட்டைப் பாருங்கள். பின்னிப் பின்னிப் போகும் பட்டை வடிவம், நடுவில் பழக்கொத்து, சிறகு முளைத்த குழந்தை முகம், சிங்க முகம், இவை மூடியில் புடைத்து வந்தால் எலிசபெத் காலப் பாணி. அடி வளையத்தில் முட்டையும் அம்பும் மாறிமாறி வரும் அச்சு வேலை வழக்கம். பாணியை வைத்துச் சொல்கிற வயதுக்கு இருபது முப்பது வருஷம் இரண்டு பக்கமும் இடம் விடுங்கள், கைவேலைக்காரன் கற்றதை ஆயுசுக்கும் செய்வான்.

முலாமும் பேசும். பாதரசத்தில் தங்கத்தைக் கரைத்துப் பூசி, சூட்டில் பாதரசத்தை ஆவியாக்கிய பழைய முலாம் தடிமனாக, கொஞ்சம் வெதுவெதுப்பான நிறத்தில் இருக்கும். கட்டைவிரல் நெம்பில், மூடியின் புடைப்புகளில் தேய்ந்து வெள்ளி எட்டிப்பார்க்க வேண்டும். மின் முலாம் 1840க்குப் பிறகு பரவியது, பள்ளத்திலும் மேட்டிலும் ஒரே சீராக, மெல்லிசாக, கொஞ்சம் எலுமிச்சை நிறமாக இருக்கும். மின் முலாம் கண்டால் உடனே போலி என்று கத்த வேண்டாம், 19ஆம் நூற்றாண்டில் பழைய பூணையே கழற்றிப் புது முலாம் பூசுவது சகஜம்.

படி 3: சேருகிற இடம்

அவசரப்படாமல் பாருங்கள், வேண்டுமென்றால் நடுவில் டீ குடித்துவிட்டு வாருங்கள் (டீயை வேறு மேசையில் வைத்து).

முதலில் ஒரு விஷயம் புரிய வேண்டும். வெள்ளியைப் பொடி வைத்துப் பற்றவைக்க 700 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். பூச்சு போட்ட ஜக்கோடு சேர்த்து அந்தச் சூட்டைக் கொடுத்தால் மண் வெடித்துவிடும். அதனால் தட்டார் ஒவ்வொரு துண்டையும் தனியே செய்து முடித்து, கீல், முளை ஆணி, மடிப்பு, இவற்றை மட்டும் வைத்து ஜக்கின்மேல் பூட்ட வேண்டும். கழுத்துப் பட்டையின் கீழ் விளிம்பை இலை இலையாகவோ பல் பல்லாகவோ வெட்டி, ஒவ்வொரு பல்லையும் மண்ணோடு சேர்த்து அமுக்கித் தேய்ப்பார்கள். சிலவற்றில் கழுத்திலிருந்து அடி வளையம் வரை மூன்று நெடும் பட்டைகள் கீலோடு இறங்கும், ஜக்கைக் கூண்டுபோலப் பிடித்துக்கொள்ளும். இடைவெளிக்கு ஜிப்சமோ குங்கிலியம் மாதிரியான பிசினோ அடைப்பார்கள். நம்மூரில் நகைக்குள் அரக்கு அடைப்பதை நினைத்தால் போதும்.

சரி, இப்போது கேள்விகள். பட்டையின் பற்கள் மண்ணின் வளைவோடு ஒட்டி உட்கார்ந்திருக்கின்றனவா, அல்லது சில பற்கள் அந்தரத்தில் நிற்கின்றனவா? சக்கரத்தில் வனைந்த கழுத்து ஒருபோதும் சுத்த வட்டம் இல்லை, கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும். அந்த ஜக்கையே பக்கத்தில் வைத்துச் செய்த பூண் அதே கோணலைக் காட்டும். மண் கோணலாக இருந்து வெள்ளி மட்டும் சுத்த வட்டமாக, ஒரு பக்கம் அடைப்பு தடியாக, மறுபக்கம் மெல்லிசாக இருந்தால் அந்தப் பூண் வேறு வீட்டுப் பெண், இங்கே கட்டிக்கொடுத்திருக்கிறார்கள்.

அடுத்து, பட்டைக்குக் கீழே ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி மண்ணின்மேல் ஏதாவது கீறல் வளையம், நிறம் மங்கிய பட்டை தெரிகிறதா? முன்பு இருந்த வேறு பூண் விட்டுச்சென்ற தடம் அது. வாய்க்குள் டார்ச் அடித்து உள் விளிம்பைப் பாருங்கள். விளிம்பில் பூச்சு இயல்பாக உருண்டு வர வேண்டும். அறுத்த தட்டை விளிம்பு தெரிந்தால், உடைந்த வாயை அறுத்துச் சமமாக்கி வெள்ளியால் மறைத்திருக்கிறார்கள்.

பூண் கட்டியதற்கே ஒரு காரணம் அதுதானே: இந்தப் பூச்சு விளிம்பில்தான் முதலில் பெயரும், உதட்டில் கண்ணாடிச் சில்லு குத்தும், வெள்ளி விளிம்பு அதைத் தடுக்கும். சிலர் புது ஜக்குக்கே கட்டினார்கள், சிலர் உடைந்த பிறகு. 1577இல் வில்லியம் ஹாரிசன் இங்கிலாந்து வாழ்க்கையை எழுதும்போது பல நிற, பல வடிவ மண் பாத்திரங்களில் நிறையவற்றுக்கு வெள்ளி அலங்காரம் இருப்பதைச் சொல்கிறார், ஆக அழகுக்காகக் கட்டியதும் நிச்சயம் உண்டு.

கீல் அருகே மங்கலான சாம்பல் நிறப் பூச்சு தெரிந்தால் அது ஈயப் பற்று, குறைந்த சூட்டில் உருகும், பிற்காலத்தில் மலிவாகச் செய்த பழுது. கடைசியாக மூடியை மெதுவாக மூடி, வாயின் நடுவில் நேராக உட்காருகிறதா என்று பாருங்கள். நூறாண்டுக் கணக்கில் திறந்து மூடிய கீல் சற்றுத் தளர்ந்திருப்பது நல்ல அறிகுறி. கீல் இறுக்கமாக, நெம்பு மட்டும் தேய்ந்திருந்தால் ஏதோ ஒன்று பொய்.

படி 4: ஏமாற்று வேலைகள்

பழைய கரண்டி போன்ற சின்னச் சாமானிலிருந்து உண்மையான முத்திரையை வெட்டியெடுத்துப் புதுப் பூணில் பதிப்பது பழைய தந்திரம். லென்ஸுக்குக்கூடச் சில நேரம் சிக்காது. முத்திரையின்மேல் மூச்சை ஊதுங்கள், கண்ணாடியில் ஊதுவதுபோல. பனி படர்ந்து விலகும்போது சுற்றிலும் ஒரு கோடு தனியாகத் தெரிந்தால் பற்றவைத்த ஒட்டு. அரசர் அல்லது அரசியின் தலை முத்திரையும் கூட இருந்தால் பேச்சே வேண்டாம், அது 1784 முதல் 1890 வரை வரி கட்டியதற்கு அடித்தது.

19ஆம் நூற்றாண்டில் இந்தச் சாமான்களுக்குப் பணக்காரச் சேகரிப்பாளர்கள் போட்டி போட்டார்கள், போட்டி இருந்தால் சப்ளை வரும். ஜெர்மனியின் ஆக்கன் நகரப் பொற்கொல்லர் ரைன்ஹோல்ட் வாஸ்டர்ஸ் மறுமலர்ச்சிக் காலப் பாணியில் செய்த வேலைகளைப் பெரிய சேகரிப்புகளே உண்மையென்று வைத்திருந்தன. அவருடைய வரைபடங்கள் பின்னால் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் அடையாளம் தெரிந்த பிறகுதான் குட்டு உடைந்தது. பாரிஸில் சாம்சன் பட்டறை 1845 முதல் பழைய பீங்கானையும் பூச்சு மண்சாமானையும் நகலெடுத்தது.

புற ஊதா டார்ச்சை இருட்டில் அடியுங்கள். நவீன பசையும் பெயின்ட்டும் பெரும்பாலும் நீலவெண்மையாக ஒளிரும், அரக்கு வார்னிஷ் ஆரஞ்சாக. கைப்பிடி வயிற்றோடு சேரும் இடத்தில்தான் இது அதிகம் சிக்கும்.

ஜெர்மன் உறவுக்காரர்கள்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இது தனிக் கடல். ஹானாவில் 1661, ஃபிராங்க்ஃபர்ட்டில் 1666 என்று வெள்ளீயப் பூச்சுப் பட்டறைகள் வந்தன. உருளை வடிவ பீர்க் குவளைகளும் ஒடுங்கிய கழுத்து ஜக்குகளும் அங்கே பிரபலம், மூடி பெரும்பாலும் பியூட்டர் என்ற வெள்ளீயக் கலவை உலோகம், வசதிக்காரருக்கு வெள்ளி. நியூரம்பர்கில் யோஹான் ஷாப்பர் போன்றவர்கள் வெள்ளை ஜக்கை வாங்கித் தங்கள் வீட்டில் கறுப்பு எனாமலில் நுணுக்கமாக வரைந்து மறுபடி சுட்டார்கள், அவற்றில் வெள்ளி மூடி போட்டவை உண்டு. முத்திரையில் பைன் மரக்காய் இருந்தால் ஆக்ஸ்பர்க், N என்ற எழுத்து இருந்தால் நியூரம்பர்க். மூடியில் பொறித்த ஆண்டை மட்டும் நம்பாதீர்கள், கல்யாணப் பரிசாக வந்த பழைய ஜக்கில்கூட அந்த வருஷத்தைப் பொறிப்பார்கள்.

படி 5: பராமரிப்பு

வெள்ளியை முக்கியெடுக்கும் திரவம் வேண்டவே வேண்டாம். வெள்ளி பளிச்சென்று ஆகும், ஆனால் அந்த ரசாயனம் பட்டைக்கு அடியில் புகுந்து, துளைகள் நிறைந்த மண்ணுக்குள் இறங்கிவிடும், திரும்ப எடுக்க வழியில்லை. பிறகு உப்பாகப் பூத்துப் பூச்சைத் தள்ளும். ஜக்கைத் தண்ணீரில் ஊறவைப்பதும் அதே ஆபத்து. உலர்ந்த மென்மையான பருத்தித் துணியால் வெள்ளியை மட்டும் லேசாகத் துடையுங்கள், அவ்வளவு போதும். முலாம் பூசிய இடத்தைத் தேய்க்கத் தேய்க்கத் தங்கம் போகும், திரும்ப வராது. ரப்பர் பேண்ட் போட்டு மூடியைக் கட்டிவைக்கிற பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள், ரப்பரிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும். கம்பளித் துணியில் சுற்றுவதும் அப்படித்தான்.

முக்கியமாக இதில் எதையும் ஊற்றிக் குடித்துப் பார்க்காதீர்கள். பூச்சு முழுக்கக் காரீயம், ஒயின் மாதிரி புளித்தது பட்டால் கரைந்து வரும்.

படி 6: பழகுங்கள், எழுதிவையுங்கள்

நம்மில் பெரும்பாலோர் இதைக் கையில் எடுக்கப் போவதில்லை, நானும் உட்பட. விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம், பிரிட்டிஷ் மியூசியம் இரண்டின் இணையப் பட்டியலிலும் மாலிங் ஜக் என்று தேடினால் பெரிதாக்கிப் பார்க்கக்கூடிய படங்கள் கிடைக்கும். படத்தைத் திறந்ததும் விவரக் குறிப்பைப் படிக்காமல் மறைத்துவிடுங்கள். ஒரு தாளில் மூன்று கோடு போட்டு "மண்: நிறம், சில்லு, பூச்சு, என் கணிப்பு", "வெள்ளி: முத்திரை, வேலைப்பாடு, என் கணிப்பு", "சேர்க்கை: பற்கள், கோணல், கீல், பொருந்துகிறதா" என்று நிரப்புங்கள். பிறகு குறிப்பைத் திறந்து ஒப்பிடுங்கள். அதில் ஜக்குக்கும் பூணுக்கும் தனித்தனி ஊரும் தனித்தனி ஆண்டும் கொடுத்திருப்பதைப் பார்ப்பீர்கள், சில இடத்தில் மண்ணுக்கு நேராக "ஆன்ட்வெர்ப் அல்லது லண்டன்" என்று மட்டும் இருக்கும்.

பத்து ஜக்குகளை இப்படி எழுதிப் பாருங்கள், பதினொன்றாவதில் கண் தானாகக் கழுத்துப் பட்டையின் கீழ் விளிம்புக்குப் போகும்.